கொடி வாங்கும்போது கம்பப் பக்கத்தைப் பாருங்கள்: திருகோணமலைக் கடைத்தெருவில் கிடைக்கும் தேசியக் கொடிகள்

ஜனவரி கடைசி வாரம் வந்தால் திருகோணமலைக் கடைத்தெருவில் புத்தகக் கடை, துணிக் கடை, பிளாஸ்டிக் சாமான் கடை என்று எங்கு பார்த்தாலும் இலங்கைத் தேசியக் கொடி தொங்கும். பெப்ரவரி 4 சுதந்திர தினம் கழிந்ததும் அவை மறுபடி உள்ளே போய்விடும். அந்தச் சில நாட்களுக்குள் விடுதிக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் என்று எல்லோரும் அவசரத்தில் ஒன்றை வாங்குகிறார்கள். கடையிலேயே விரித்துப் பார்த்து வாங்குபவர் குறைவு. இந்த மதிப்பீடு அவர்களுக்காக எழுதியது. முக்கியமாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுபவர்களும் நகருக்குள் கடை வைத்திருப்பவர்களும் படிக்க வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. இந்தக் காற்றுக்கு எந்தக் கொடி தாக்குப்பிடிக்கும்? வாசலில் கொடி நின்றால் வருகிறவர் மனம் விட்டு உள்ளே வருவாரா, கொஞ்சம் தயங்குவாரா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நெய்த பொலியெஸ்டரில், 3 அடிக்கு 6 அடி அளவில், பறக்கும் ஓரத்தில், அதாவது கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தில், நான்கு வரித் தையல் போட்ட கொடியை வாங்குங்கள். அதைத் தனிக் கம்பத்தில், அந்த நாளுக்கு மட்டும் ஏற்றுங்கள். வாசல் நிலையில் ஆணியடித்து வருடம் முழுக்கத் தொங்கவிடும் கொடியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம். அதற்கான காரணங்களில் பாதி தையலிலும் துணியிலும் இருக்கின்றன. மீதி இந்த ஊரின் சரித்திரத்தில் இருக்கின்றன.

முதலில் கடை மேசையில் செய்ய வேண்டியது. மடித்த கொடியை அப்படியே பையில் போட விடாதீர்கள். முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். நம் கொடியின் உயரமும் நீளமும் ஒன்றுக்கு இரண்டு. 3 அடி உயரம் என்றால் 6 அடி நீளம். இறக்குமதியாகி வருகிற மலிவுக் கொடிகளில் பெரும்பாலானவை 90 செ.மீ.க்கு 150 செ.மீ. எல்லா நாட்டுக் கொடிகளையும் ஒரே அளவில் வெட்டி அச்சிடுவதால் அப்படி. 180 இருக்க வேண்டிய இடத்தில் 30 செ.மீ. குறைகிறது. சிங்கம் ஒடுங்கி, வயிறு ஒட்டி, கால்கள் நெருங்கி நிற்கும். கம்பத்தில் ஏறிய பிறகு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று பலருக்குச் சொல்லத் தெரியாது. அளவு நாடாவை எடுத்துச் சென்றால் அரை நிமிட வேலை.

அடுத்தது பட்டிகள். கம்பத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம்களுக்கான பச்சை, அதற்கு அடுத்து தமிழருக்கான செம்மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் கோடு கிடையாது. அவற்றைச் சுற்றி மஞ்சள் விளிம்பு ஓடும். சிங்கம் நிற்கும் மெரூன் கட்டத்தையும் அதே மஞ்சள் சுற்றி நிற்கும். அந்தக் கட்டத்தின் நான்கு மூலையிலும் ஒரே அளவில் அரச இலைகள். சிங்கம் வலது முன்காலில் வாளைப் பிடித்துக் கம்பத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பின்பக்கத்தைத் திருப்பினாலும் அது கம்பத்தைத்தான் பார்க்கும். எந்தப் பக்கமாவது சிங்கம் கம்பத்துக்கு முதுகு காட்டினால், கயிறு போகிற தலைப்பட்டியைப் பிழையான ஓரத்தில் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் பிழை அச்சுக்காரரிடம் வருவதில்லை, தைக்கிற இடத்தில்தான் வருகிறது. சீலையை மறுபுறம் திருப்பிப் போட்டுத் தலைப்பட்டி வைத்தால் பச்சையும் செம்மஞ்சளும் கம்பத்தை விட்டு அந்தலைக்குப் போய்விடும். “தம்பி, பச்சை எந்தப் பக்கம் வரும்?” என்று கேளுங்கள். கடைக்காரர் யோசிக்காமல் கம்பப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினால் அந்தக் கடையில் நம்பி வாங்கலாம்.

சாயத்தையும் அங்கேயே சோதிக்கலாம். ஒரு வெள்ளைத் துணித் துண்டை நனைத்துப் பிழிந்து, மெரூனும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துண்டு சிவந்தால் முதல் மழைக்கே மெரூன் இறங்கி மஞ்சள் விளிம்பைச் செம்மண் நிறமாக்கிவிடும். பருத்திக் கொடிகளில் இது அடிக்கடி நடக்கும்.

துணி வகைக்கு வருவோம். பொலித்தீன் குட்டிக் கொடிச் சரம் ஒரு நாள் அலங்காரத்துக்குக்கூட நல்லதல்ல. காற்று பிய்த்து வீதியில் போடும், மிதிபடும். கொடியை மதிக்கிறவருக்கும் மனம் நோகும், மதிக்காதவருக்கும் அது குப்பைதான். பளபளக்கும் சட்டின் கொடி மண்டபத்துக்குள், மேசைக்குப் பின்னால், காற்றில்லாத இடத்தில் அழகாக விழும். வெளியே கட்டினால் ஓரத்து நூல் உருவத் தொடங்கும். பருத்திப் பொப்ளின் பார்க்கக் கண்ணியமாக இருக்கும், தைக்கவும் சுகம். நனைந்தால் கனத்துக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், உப்புக் காற்றில் ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பாடசாலை போல, காலையில் ஏற்றிக் கூட்டம் முடிந்ததும் இறக்குகிற இடங்களுக்கு அது போதும். பின்னல் பொலியெஸ்டர் மெல்லிய காற்றிலும் எழும்பும், ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் ஓடிக்கொண்டே போகும். கடற்கரைக்கு நெய்த பொலியெஸ்டர்தான் எங்கள் தெரிவு. கொஞ்சம் கனம், எழும்பக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். திருகோணமலையில் காற்றுக்கு என்ன குறை?

பெப்ரவரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும், அதில் ஈரமும் உப்பும் இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. காய்ந்து, சூடாக, பின்னேரம் வரை விடாமல் அடிக்கும். உல்லாசப் பயணிகள் நிறைய வருகிற பருவமும் அதுதான். பெப்ரவரியில் ஏற்றிய கொடியை இறக்காமல் விட்டால் கச்சானின் முதல் மாதத்திலேயே பறக்கும் ஓரம் தும்பாகிவிடும். சிலர் தும்பை வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைப்பார்கள். மற்ற நாடுகளின் கோட்டுக் கொடிகளில் அது செல்லும். நம் கொடியில் அந்த ஓரத்தில் மஞ்சள் விளிம்பு இருக்கிறது. இரண்டு அங்குலம் வெட்டினால் மூன்று பக்கம் விளிம்பும் ஒரு பக்கம் வெறுமையுமாக நிற்கும். வெட்டித் தைக்காமல் புதிது வாங்குங்கள்.

தையலில் பார்க்க வேண்டியது பறக்கும் ஓரம். இரண்டாக மடித்து நான்கு வரி, அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல், நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் வெயிலில் முதலில் இற்றுப்போகும். மேல் கீழ் மூலைகளில் உள்ளே முக்கோணத் துண்டு ஒன்று வைத்துத் தைத்தால் ஆயுள் கூடும், ஏனென்றால் கிழிவு எப்போதும் மூலையில்தான் தொடங்குகிறது. பித்தளை வளையம் அடித்த கொடிகள் பார்க்க நன்றாக இருந்தாலும் உப்புக் காற்றில் களிம்பு பிடித்துப் பச்சைக் கறையை விடும். தலைப்பட்டிக்குள் கயிற்றை ஓட்டி, மேல் நுனியில் ஒரு மரக்கட்டையும் கீழ் நுனியில் ஒரு கண்ணியும் வைத்துத் தைக்கிற பழைய முறையே மேல்.

கம்பத்தின் கணக்கு எளிது. கொடியின் நீளம் கம்ப உயரத்தில் நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். 3க்கு 6 கொடிக்கு 20 அடிக் கம்பம். 12 அடிக் குழாய்தான் இருக்கிறது என்றால் 2க்கு 4 கொடி வாங்குங்கள். உப்புவெளி மணலில் 20 அடிக் கம்பத்தை 3 அடி ஆழத்துக்குக் கொங்கிரீட் போட்டு நிறுத்த வேண்டும். நகருக்குள் இறுகிய தரையில் இரண்டரை அடி போதும். துத்தநாகம் பூசிய குழாய் என்றாலும் வெட்டிய வாயில் துரு பிடித்து வடியும், அந்தக் கறை கொடியில் படும். வாயை மூடிவிடுங்கள். கப்பி துருப்பிடிக்காத இரும்பில் வேண்டும். கயிறு 6 மி.மீ. பின்னல் பொலியெஸ்டர். நைலோன் கயிறு நனைந்தால் இழுபட்டுத் தொய்யும், காலையில் உச்சியில் நின்ற கொடி மழைக்குப் பிறகு ஒரு சாண் இறங்கி நிற்கும். அரைக் கம்பம் என்று யாரோ நினைத்து, இறந்தது யார் என்று கேட்டு வருவார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை இனித்தான் வருகிறது. சுவரில் சாய்வாகப் பொருத்திய குட்டைக் கம்பத்தில் கொடியின் தலைப்பட்டியை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கச்சான் சுழன்று அடிக்கும்போது கொடி கம்பத்தைச் சுற்றிக்கொள்ளும். சுற்றும்போது முதலில் உள்ளே போவது கம்பத்தோடு ஒட்டிய பகுதி. பச்சை மறையும், பிறகு செம்மஞ்சள் மறையும். வெளியே மிஞ்சுவது மெரூனும் வாளேந்திய சிங்கமும் மட்டும். மூன்று நாள் அப்படியே கிடந்தால், வீதியால் போகிற தமிழரும் முஸ்லிமும் காண்பது தங்களுக்குரிய நிறம் இல்லாத கொடி. வீட்டுக்காரர் அதை நினைத்தும் இருக்க மாட்டார். கம்பத்தைச் சுற்றித் தானாக உருளும் இரண்டு வளையங்களில் கொடியின் மேல் மூலையையும் கீழ் மூலையையும் மாட்டினால் இது தீர்ந்துவிடும். நிமிர்ந்த கம்பம் என்றால் கீழ்க் கண்ணியைக் கயிற்றோடு இழுத்துக் கட்டுங்கள். அதைத் தளர விட்டால் கொடியின் அடி மேலே ஏறிச் சுருளும்.

பட்டிகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தக் கொடியைப் பற்றிய விவாதமே அவற்றில்தான் இருக்கிறது. சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக்க வேண்டும் என்ற பிரேரணையை 1948 ஜனவரியில் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை, கிழக்கின் முஸ்லிம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி அது. அவனோ நாயக்கர் வழி வந்தவன். 1948 பெப்ரவரி 4 அன்று ஏறிய கொடியில் பட்டி கிடையாது. பிறகு எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் அமைந்த குழுவில் ஜி.ஜி. பொன்னம்பலமும் ரி.பி. ஜாயாவும் செனட்டர் எஸ். நடேசனும் இருந்தார்கள். முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழருக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு பட்டிகளைச் சேர்ப்பது என முடிவானது. நடேசன் அதற்கு உடன்படவில்லை. 1951 மார்ச்சில் நாடாளுமன்றம் புதிய வடிவத்தை ஏற்றது. 1972இல் மூலைகளில் இருந்த பழைய அலங்காரம் அரச இலையாக மாறியது. தமிழர் பலர் அன்றிலிருந்து சொல்லி வருவது ஒன்றுதான். பட்டிகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே, மஞ்சள் வேலிக்கு அப்பால் நிற்கின்றன, சிங்கம் வாளோடு அவற்றை நோக்கி நிற்கிறது. முஸ்லிமுக்கும் தமிழருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்தானே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாதத்தையும் இந்த ஊரில் ஒரே தேநீர்க் கடையில் கேட்கலாம்.

அதனால் பட்டி இல்லாத சிங்கக் கொடியை, “பழைய கொடி, அழகாக இருக்கும்” என்று யாராவது விற்றால், வாங்காதீர்கள். 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் வாகனங்களில் ஒட்டப்பட்ட, பட்டி இல்லாத சிங்கப் படம் போட்ட ‘சிங்ஹலே’ ஒட்டிகளை இங்கு யாரும் மறக்கவில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு வெறும் சிங்கத்தைச் சரித்திர ஞாபகம் என்று சொல்லி வாசலில் தொங்கவிட முடியாது. வருகிற தமிழ், முஸ்லிம் வாடிக்கையாளரைப் போகச் சொல்வதற்குச் சமம். வெயிலில் வெளிறிய கொடியையும் இதே கண்ணோடு பாருங்கள். செம்மஞ்சள் வெளுத்து விளிம்பின் மஞ்சளோடு கலந்துவிட்டால், நீங்கள் ஏற்றியிருப்பது ஒரு பட்டி குறைந்த கொடி.

திருகோணமலையில் கொடிக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1957 பெப்ரவரி 4, சிங்களம் மட்டும் சட்டத்துக்கு அடுத்த வருடம். தமிழரசுக் கட்சியின் அழைப்பில் சுதந்திர தினத்தைக் கறுப்புக் கொடியோடு துக்க நாளாக அனுட்டித்தார்கள். அன்று இந்த நகரில் திருமலை நடராசன் சுடப்பட்டு இறந்தார். பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்ததும் அதே வருடம்தான். துறைமுகத்தில் ஒரு கொடி இறங்கி மற்றது ஏறியது. நகரத்தில் ஒரு கொடிக்காக ஓர் உயிர் போனது. பிறகு வந்த யுத்த காலம் முழுதும் இந்தக் கொடியைச் சாதாரண சனம் அருகிலிருந்து பார்த்தது பெரும்பாலும் காவலரண்களில், சோதனைச் சாவடிகளில், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் இன்றும் இராணுவம் இருக்கிற பிரட்ரிக் கோட்டை வாசலைக் கடந்துதான் மலை ஏறுகிறார். ஐம்பது வயது தாண்டிய ஒருவர் உங்கள் கடை வாசலில் கொடியைக் கண்டதும் ஒரு கணம் நின்றால், அவர் கண் முதலில் தேடுவது கொடிக்குப் பக்கத்தில் சீருடை நிற்கிறதா என்று. அந்த ஒரு கணத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

தமிழருக்குள்ளும் இதில் ஒரே கருத்து இல்லை. இதே ஊரின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன் 2012 மே தினத்தன்று யாழ்ப்பாணக் கூட்டத்தில் தேசியக் கொடியைக் கையில் பிடித்தார். அவருடைய பக்கத்திலேயே அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2017 நவம்பரில் வவுனியாவில் ஒரு பாடசாலை விழாவில் வட மாகாணக் கல்வி அமைச்சர் க. சர்வேஸ்வரன் அதை ஏற்ற மறுத்தார். 2022இல் கொழும்புக் காலிமுகத் திடலில் கூடிய சனம், எல்லா மொழிக்காரரும், அதே கொடியை ஆட்சியாளருக்கு எதிராகத் தூக்கியது. கிரிக்கெட் பார்க்கப் போகிற பிள்ளை கன்னத்தில் தீட்டிக்கொள்வதும் அதுதான். ஆகவே கொடியைக் கண்டாலே எல்லாத் தமிழருக்கும் மனம் சுளிக்கும் என்றும் சொல்ல முடியாது, யாருக்கும் ஒன்றுமே தோன்றாது என்றும் சொல்ல முடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் இங்கு ஆட்கள் அளக்கிறார்கள்.

பெப்ரவரி 4 அன்று தனிக் கம்பத்தில் நிற்கும் கொடியை இங்கு யாரும் தவறாக எடுப்பதில்லை. வீடுகளிலும் நிறுவனங்களிலும் ஏற்றுமாறு அரசு கேட்கிற நாள் அது. பாடசாலை, பள்ளிவாசல், வங்கி எல்லாவற்றிலும் ஏறும். காலையில் விரைந்து ஏற்றி, பொழுது சாய முன் மெதுவாக இறக்கி, தரையில் படாமல் கையில் வாங்கி மடித்தால் உங்கள் வேலை முடிந்தது. அதே கொடி ஜூலையிலும் விடுதி வரவேற்பு மேசைக்கு மேலே தொங்கினால் கேள்வி எழும். தமிழ் வீட்டுக்காரர் ஏன் வைத்திருக்கிறார்? பயமா? யாராவது வந்து கேட்பார்கள் என்றா? சிலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கலவரங்களில் கடை எரிந்த ஊர் இது. ஆனால் பாதுகாப்புக்காக வைத்ததை வரவேற்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கொழும்பிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வருகிற சிங்களக் குடும்பம் கொடி இருக்கிறதா என்று பார்த்து அறை எடுப்பதில்லை. தண்ணீர் வருகிறதா, பிள்ளைக்குப் பால் சுடவைக்கலாமா, கடலுக்கு எவ்வளவு தூரம் என்றுதான் கேட்கிறார்கள்.

கொடிகளின் அக்கம்பக்கத்திலும் கவனம் வேண்டும். வெசாக் காலத்தில் வீதி முழுக்க ஆறு வர்ணப் பௌத்தக் கொடி ஏறும். கோயில் திருவிழாவுக்கும் சிவராத்திரிக்கும் நந்திக் கொடி. இரண்டும் தேசியக் கொடியோடு ஒரே கயிற்றில் ஏறக் கூடாது. தேசியக் கொடிக்குக் கீழே ஒரு மதத்தின் கொடியைக் கட்டினால் அந்த மதத்தவர் வருந்துவார்கள், மேலே கட்டினால் வேறு பிரச்சினை. தேசியக் கொடியும் பௌத்தக் கொடியும் ஒரே வாசலில் இணைந்து நின்றால் நாடும் ஒரு மதமும் ஒன்று என்று சொல்வதாகவே இங்கு வாசிக்கப்படும். மதக் கொடிக்குத் தனிக் கம்பம், தனி நாள். பல கொடிகள் சேர்ந்து நிற்க வேண்டிய விழா என்றால் தேசியக் கொடி, எதிரில் நின்று பார்ப்பவருக்கு இடது கோடியில் வர வேண்டும்.

கடற்கரை விடுதிகளில் வெளிநாட்டுக் கொடிகளை வரிசையாகக் கட்டுகிற பழக்கம் உண்டு. எல்லோரையும் வரவேற்கிறோம் என்ற நல்ல எண்ணம்தான். 2022இல் உக்ரைன் யுத்தம் தொடங்கிய பிறகு ரஷ்யக் கொடியும் உக்ரைன் கொடியும் ஒரே வரிசையில் நிற்பது இரண்டு நாட்டு விருந்தினருக்கும் சங்கடம். 2023 ஒக்ரோபருக்குப் பிறகு இஸ்ரேல், பலஸ்தீனக் கொடிகளின் நிலை அதைவிடக் கடினம். நிலாவெளியில் அக்கம்பக்கத்துக்காரர் பலர் முஸ்லிம்கள், உங்களுக்கு மீனும் மரக்கறியும் கொண்டுவந்து தருகிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். எந்த நாடு எப்போது யுத்தத்துக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டே சரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற முடியாது. சரத்தை மொத்தமாக அகற்றிவிடுங்கள்.

அந்த இடத்தில் ஒரு மும்மொழிப் பலகை வையுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே எழுத்து உயரத்தில், பிழையில்லாமல். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் நாட்டில் எத்தனை பலகைகளில் தமிழ் ஓரத்தில் ஒடுங்கி, எழுத்துப் பிழையோடு கிடக்கிறது! உங்கள் பலகையில் சிங்களம் அப்படிப் பிழையாகக் கிடக்க விடாதீர்கள். தெரிந்த சிங்களவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்திவிட்டு எழுதுங்கள். வீட்டுச் சாப்பாட்டு விலைப்பட்டியலிலும் மூன்று மொழி. கொடியை விட இதற்குச் செலவு குறைவு, வாசலில் நின்று தயங்குகிறவரை உள்ளே அழைக்கிற பலம் இதற்கு அதிகம்.

கடைசியாகத் தைத்துக் கொடுக்கிற சேவை. கடைத்தெருத் தையல்காரரிடம் துண்டு துண்டாக வெட்டித் தைத்த பருத்திக் கொடி கேட்டு வாங்கலாம். பட்டிகளும் விளிம்பும் துணியிலேயே வெட்டி இணைத்து, சிங்கத்தையும் இலைகளையும் மட்டும் அச்சாகவோ ஒட்டுத் தையலாகவோ வைப்பார்கள். அச்சுக் கொடியை விட இதில் பச்சையும் செம்மஞ்சளும் ஆழமாக நிற்கும், இதுதான் இந்த வேலையின் பெரிய நன்மை. குறை, சிங்கம். கைக்கு வந்தபடி வரைந்தால் பூனையாகிவிடும். அரசாங்க அச்சிலிருந்து எடுத்த படத்தை, கொடியின் முழு அளவுக்குப் பெருப்பித்துக் காகிதத்தில் எடுத்துக் கொடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக இரண்டு சிங்கம் வேண்டும், இரண்டும் கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்று காகிதத்திலேயே அம்புக்குறி போடுங்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பாடசாலை வேலைகள் குவிந்துவிடும், தலைப்பட்டி பிழையான ஓரத்தில் ஏறுவது அப்போதுதான். விலையும் அந்த வாரத்தில் ஏறும். பெப்ரவரி நடுப்பகுதியில் அடுத்த வருடத்துக்கென்று வாங்குகிறவருக்கு மிஞ்சிய கொடிகளைக் குறைத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அந்த நேரம் கடைக்காரருக்கும் விரித்துக் காட்டப் பொறுமை இருக்கும்.

இறக்கிய கொடியை அன்றே நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்து, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் காய்ந்தால் மெரூன் திட்டுத் திட்டாக வெளிறும். மறுபக்கத்திலிருந்து இளஞ்சூட்டில் தேய்த்து, நீளவாக்கில் இரண்டு மடிப்பாக்கி, பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுருட்டி வையுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டுப் புள்ளி விழும். தலைப்பட்டியின் உள்ளோரத்தில் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் சிறிதாக எழுதிவிடுங்கள். அடுத்த ஜனவரியில் எடுத்து விரிக்கும்போது முதலில் செம்மஞ்சளையும் விளிம்பின் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அதைத் திரும்ப ஏற்றாமல் புதிதுக்குச் சொல்லிவிடுங்கள்.